டேட்டா ஏறிக்கொண்டே போகிறது. டவருக்குப் போகும் கேபிள் எங்கே?

இழையொட்டி – வெள்ளி, இரவு 11.20

பத்தொன்பது ஆண்டுகளாகத் தரைக்கடியில் ஃபைபர் கேபிள் பதிக்கிறேன், அறுந்ததை ஒட்டுகிறேன். பெரும்பாலும் தென்மாவட்டங்களில்தான் வேலை. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒன்றை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

2014-இல் இந்தியாவில் ஒரு சந்தாதாரர் மாதத்துக்குச் சராசரியாக 62 எம்பி அளவுக்குத்தான் இணையம் பயன்படுத்தினார். இன்று அது 20 ஜிபியைத் தாண்டிவிட்டது. முந்நூறு மடங்குக்கு மேல்! ஆனால் நாட்டில் உள்ள டவர்களில் பாதிக்குக்கூட இன்னும் ஃபைபர் போய்ச் சேரவில்லை. மற்றவை ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குக் கம்பியில்லாமல், மைக்ரோவேவ் தட்டு வழியாகக் கைமாற்றிக் கைமாற்றித்தான் டேட்டாவைக் கொண்டுபோகின்றன. ஊருக்கெல்லாம் பெரிய தொட்டி கட்டிவிட்டு அதற்கு அரை அங்குலக் குழாயில் தண்ணீர் விடுவது போன்றது இது.

சென்ற வாரம் நள்ளிரவுக்குச் சற்று முன் அழைப்பு வந்தது. திண்டுக்கல் பக்கம் சாலையை அகலப்படுத்தும் இடத்தில் ஜேசிபி வாளி கேபிளைக் கவ்வி இழுத்துவிட்டது. 48 இழைக் கேபிள். குழிக்குள் இறங்கி, மண்ணைத் துடைத்து, உறையை உரித்தால் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று வரிசையாக இழைகள் வரும். ஒவ்வொன்றும் தலைமுடி பருமன். ஆல்கஹாலில் துடைத்து, முனையை நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் வைத்தால் ஒரு நொடி மின்பொறி அடித்து இரண்டு கண்ணாடியும் ஒன்றாகிவிடும். திரையில் 0.02 டெசிபல் இழப்பு என்று வந்தால் நிம்மதி. 0.2 என்று வந்தால் வெட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு தூசி போதும், கெடுத்துவிடும். 48-ஐயும் முடித்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது.

அந்தக் கேபிள் 1.65 மீட்டர் ஆழத்தில் இருந்திருந்தால் வாளி தொட்டே இருக்காது. முழங்கால் ஆழத்தில்தான் கிடந்தது. மீட்டர் கணக்கில் கூலி, அவசர அவசரமாக வேலை, மேற்பார்வைக்கு ஆள் இல்லை. இப்படித் தோண்டுகிறவர்கள் அறுத்துவிடும் கேபிள்களால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே கணக்குச் சொல்லித்தான், 2023 மார்ச்சில் தோண்டும் முன் தகவல் சொல்வதற்கான செயலியைக் கொண்டுவந்தது. எங்கள் பக்கம் ஜேசிபி ஓட்டும் தம்பிகள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் அலைக்கற்றைக்காக நிறுவனங்கள் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டன. காற்றுக்கு அவ்வளவு கொடுக்க முடிந்தவர்களுக்கு மண்ணுக்குள் செலவழிக்க ஏன் மனம் வரவில்லை? என் கண்ணுக்கு இந்தத் தொழிலின் பெரிய சிக்கலும் அதுதான், பெரிய வாய்ப்பும் அதுதான்.

கணக்கு_விரும்பி – வெள்ளி, இரவு 11.58

ஐயா, மனம் இருந்தது, பணம்தான் இல்லை. எங்கே போனது என்று பாருங்கள்.

2016 நடுவில் ஏர்டெல்லுக்கு ஒரு கைபேசி வாடிக்கையாளரிடமிருந்து மாதத்துக்குக் கிடைத்தது 200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. அழைப்பு இலவசம், டேட்டாவும் அடுத்த மார்ச் வரை இலவசம். விலை தரைதட்டியது. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கி, இங்கே வீட்டுக்கு வீடு அறிந்த பெயராக இருந்த ஏர்செல், 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனு போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பத்துக்கு மேல் இருந்த நிறுவனங்கள் மூன்று தனியாரும் ஓர் அரசு நிறுவனமுமாகச் சுருங்கின.

அதன் பிறகு 2019 அக்டோபர் 24 தீர்ப்பு. நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணம் வருவாயில் 8 விழுக்காடு. அந்த 'வருவாய்' என்பதில் வட்டியும் வாடகையும் சேருமா என்று பல ஆண்டுகளாக வழக்கு நடந்தது. சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அசலைவிட வட்டியும் அபராதமும் பெருகி, துறை முழுவதற்குமாகச் சுமார் 1.47 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கு வந்தது. அந்தப் பாக்கியையும் அலைக்கற்றைப் பாக்கியையும் கட்ட முடியாமல்தான் வோடஃபோன் ஐடியா அரசுக்குப் பங்குகளைக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் அரசின் பங்கு 48.99 விழுக்காடு ஆனது.

அண்மையில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதத்துக்கு எவ்வளவு கிடைத்தது? 2025 ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் ஏர்டெல்லுக்கு 245 ரூபாய், ஜியோவுக்கு 206 ரூபாய். டேட்டா முந்நூறு மடங்கு ஏறியதாகச் சொன்னீர்கள். பணம் ஒன்றேகால் மடங்கு அளவுக்குத்தான் ஏறியிருக்கிறது. விலைவாசியைக் கழித்தால் இறங்கியிருக்கிறது. 2014-இல் ஒரு ஜிபி சுமார் 269 ரூபாய். இன்று பத்து ரூபாய்க்கும் குறைவு. ஓட்டலில் ஒரு காபி இதைவிட விலை அதிகம். 2024 ஜூலையில் கட்டணத்தை ஏற்றியபோது எல்லாரும் திட்டினோம். நானும் திட்டினேன். ஆனால் ஏற்றாமல் உங்கள் குழிக்கு யார் பணம் கொடுப்பது?

கடைத்தெரு – சனி, காலை 7.10

ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். மேலே சொன்ன 245 ரூபாய் சராசரிக்கு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவன் நான்.

எங்கள் தெருவில் பூக்கட்டும் பாட்டி ஒருவர் இருக்கிறார். பொத்தான் ஃபோன். துபாயில் இருக்கும் மகன் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேவை. இணையம் என்றால் என்னவென்றே தெரியாத அவர், பல ஆண்டுகள் டேட்டாவும் சேர்ந்த 28 நாள் திட்டத்துக்குத்தான் பணம் கட்டினார். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணை போட்டது: பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் கொடுத்தாக வேண்டும். மகிழ்ச்சியோடு பாட்டியிடம் சொன்னேன். வந்த திட்டமோ 84 நாட்களுக்கு, நானூற்றைம்பது ரூபாய் அளவில். மாதக் கணக்கில் பார்த்தால் மலிவுதான். ஆனால் அவர் அன்றாடம் பூ விற்று அன்றாடம் அரிசி வாங்குகிறவர். ஒரே தடவையில் நானூற்றைம்பதை எடுத்து வைக்க அவரால் முடியாது. "நீயே போட்டுவிடு தம்பி, வாரம் வாரம் கொடுத்துவிடுகிறேன்" என்றார். போட்டுவிட்டேன்.

கட்டணம் ஏற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் முழுக்கப் படம் பார்க்கிறவனுக்கும் பாட்டிக்கும் அடிவிலை கிட்டத்தட்ட ஒன்று என்பதுதான் எனக்கு வலிக்கிறது. ஒன்றரை ஜிபி நள்ளிரவில் செத்துப்போகிறது, மிச்சம் மறுநாளுக்கு வராது. எடைபோட்டு விற்கும் கடையில் இப்படி நடந்தால் சண்டை வரும்.

மலைப்பள்ளி – சனி, காலை 9.35

வணக்கம். தாளவாடி மலையில் ஒரு சிற்றூரில் ஆசிரியையாக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்த நிறுவனமானாலும் இங்கே இதே நிலைதான் என்று நினைக்கிறேன்.

என் கைபேசியில் நான்கு கோடு சிக்னல் நிற்கிறது. 4ஜி என்று எழுதியும் காட்டுகிறது. ஆனால் காலை பத்து மணிக்கு மேல் மாணவர்களுக்கு ஒரு மூன்று நிமிடக் காணொளி காட்ட முடியவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதிகாலை ஐந்து மணிக்குப் போட்டால் தடையின்றி ஓடுகிறது. ஆகவே அந்நேரத்தில் எழுந்து தரவிறக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். புகார் சொன்னால் "உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக இருக்கிறது" என்று பதில் வருகிறது. சிக்னல் இருந்தும் ஏன் வரவில்லை என்று இங்கே யாராவது விளக்க முடியுமா?

இழையொட்டி – சனி, பகல் 1.05

டீச்சர், நீங்கள் பார்க்கும் கோடு உங்கள் கைபேசிக்கும் டவருக்கும் நடுவே உள்ள உறவைத்தான் சொல்கிறது. டவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. உங்கள் டவர் மேல் முரசு போல வட்டமாக ஒன்று கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் மைக்ரோவேவ் தட்டு. உங்கள் டவர் அடுத்த டவருக்கு, அது மலைமேல் உள்ள இன்னொன்றுக்கு, அது கீழே சத்தியமங்கலம் பக்கம் என்று சங்கிலியாகப் போகும். நாலைந்து டவர்களின் பாரமும் சேர்ந்து ஒரே தட்டில் இறங்கும்போது அது நொடிக்குச் சில நூறு மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவோடு திணறிவிடும். அதிகாலையில் சங்கிலியில் ஆள் இல்லை, ஆகவே ஓடுகிறது. உங்கள் அனுபவமே அதற்குச் சான்று.

கடைத்தெரு அண்ணா சொன்ன பாட்டியை நினைத்துக்கொண்டேதான் இன்று வேலைக்குப் போனேன்.

அலைவரிசை – சனி, மாலை 6.40

சென்னையில் நெட்வொர்க் திட்டமிடும் வேலையில் இருக்கிறேன். இழையொட்டி ஐயாவின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் அவர் சொல்வது பாதி உண்மைதான். டீச்சரின் ஊரில் கேபிள்தான் குறை. வேளச்சேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கேபிள் இருக்கிறது, டவருக்கு டவர் ஃபைபர் இருக்கிறது, ஆனாலும் இரவு ஒன்பது மணிக்கு வேகம் விழுகிறது. அங்கே நெரிவது காற்று. 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைக்கற்றையில் டவரின் ஒரு முகத்துக்கு, அதாவது ஒரு திசைக்கு, நடைமுறையில் 100 எம்பிபிஎஸ் சுற்றித்தான் கிடைக்கும். அதை அந்த முகத்தில் உள்ள எல்லா அடுக்குமாடிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி 5ஜி வந்தபின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் அந்த முகத்துக்கு ஒரு ஜிபிபிஎஸ்ஸுக்கு (ஆயிரம் எம்பிபிஎஸ்) மேல் கொடுக்க முடிகிறது. ஆனால் அந்த அலை கான்கிரீட் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் துளைக்கும், தொலைவும் போகும். ஆனால் கையில் இருப்பது ஒடுங்கிய பட்டை. ஆகவே டவர்கள் நெருக்கமாக வேண்டும். நெருக்கமாக வைக்கப் போனால் "எங்கள் மொட்டைமாடியில் வேண்டாம்" என்று குடியிருப்புச் சங்கம் மறுக்கிறது. அதே வீட்டிலிருந்து மறுநாள் சிக்னல் இல்லை என்று புகாரும் வருகிறது.

வெளியே அதிகம் தெரியாத இன்னொன்று: நெட்வொர்க்கைச் சராசரிக்குக் கட்ட முடியாது, உச்ச நேரத்துக்குத்தான் கட்ட வேண்டும். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதியாட்டம். ஒரே செயலியில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்படி ஒரு நாளுக்காக வாரக்கணக்கில் ஆயத்தம் நடக்கும். காணொளியை வழங்கும் சேமிப்புச் சர்வர்களை நிறுவனத்தின் சொந்தக் கட்டடங்களுக்குள்ளேயே வைத்துவிடுவோம். கோவைக்காரர் பார்க்கும் பந்து மும்பை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை, கோவையிலேயே கிடைக்கும். ஆனால் அங்கிருந்து டவருக்கும், டவரிலிருந்து கைக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓடை. பத்தாயிரம் பேர் ஒரே பந்தைப் பார்த்தாலும் பத்தாயிரம் ஓடை.

வாய்ப்பு என்று கேட்டால் நான் வீட்டு இணைப்பைச் சொல்வேன். 2025 தொடக்கத்தில் கைபேசி இணையம் 90 கோடி இணைப்புகள், கம்பி வழி வீட்டு இணையம் 4 கோடி அளவுதான். மாலையில் கைபேசிகள் வீட்டு வைஃபைக்கு மாறிக்கொண்டால் டவருக்கு மூச்சு வரும். 2023-இல் தொடங்கிய, கம்பியில்லாமல் வீட்டுக்கு இணையம் தரும் ஏர்ஃபைபர் சேவைகள் இந்த வெற்றிடத்தில்தான் வளர்கின்றன. அதில் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. அது அதே 5ஜி டவரிலிருந்து வருகிறது. இன்று காலியாக இருக்கும் காற்றை வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு விற்றுவிட்டு, மூன்று ஆண்டுகள் கழித்துக் கைபேசிக்காரருக்கு என்ன பதில் சொல்வோம்?

இழையொட்டி – சனி, இரவு 8.15

பாதி உண்மை என்பதை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. ஆனால் நீங்கள் சொன்ன அச்சத்துக்கு மருந்தும் கேபிள்தானே? ஏர்ஃபைபர் கொடுத்த தெருவில் ஐம்பது வீடு சேர்ந்துவிட்டால், அந்தத் தெருவுக்கு ஃபைபர் இழுத்தால் கட்டுப்படியாகும் என்று நிறுவனத்துக்கு அப்போதே தெரிந்துவிடும். காற்றில் வாடிக்கையாளரைப் பிடித்து, அதன்பின் மண்ணுக்கு மாற்றலாம்.

நடுநிலை_இணையம் – ஞாயிறு, காலை 10.20

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நிறுவனங்கள் சொல்லும் இன்னொரு விடையை இங்கே யாரும் தொடவில்லை. போக்குவரத்தின் பெரும்பகுதி காணொளி, அதை அனுப்புவது ஒரு சில பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள், அவை கேபிள் செலவில் பங்கு தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கத்துடைய நெடுநாள் கோரிக்கை.

எனக்கு இது துளியும் ஏற்பில்லை. காணொளி தானாக ஓடிவருவதில்லை. நான் கேட்டதால் வருகிறது, அதற்கு நான் பணம் கட்டிவிட்டேன். தென்கொரியாவில் இந்த வழியில் போனார்கள். நெட்ஃபிளிக்ஸும் எஸ்கே பிராட்பேண்டும் பல ஆண்டுகள் வழக்காடி 2023-இல் சமரசம் ஆனார்கள். ட்விட்ச் நிறுவனம் நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 2024 பிப்ரவரியில் அந்த நாட்டைவிட்டே வெளியேறியது. பெரியவர்கள் எப்படியும் கட்டிவிடுவார்கள். மதுரையில் பாடம் நடத்தும் சிறு செயலி வைத்திருக்கும் இளைஞர் கட்ட முடியுமா?

2016 பிப்ரவரியில் டிராய், தளத்துக்குத் தளம் வேறு விலை வைக்கக் கூடாது என்று விதித்தது. அதற்காக லட்சக்கணக்கான பேர் மின்னஞ்சல் அனுப்பினோம். அந்தச் சுவரில் ஓட்டை போட விடக்கூடாது.

கணக்கு_விரும்பி – ஞாயிறு, பகல் 12.05

இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அரசையும் கேளுங்கள். 8 விழுக்காட்டு உரிமக் கட்டணத்தில் 5 விழுக்காடு ஊரக இணைப்புக்கான நிதிக்குப் போகிறது. கடைத்தெரு அண்ணாவின் பாட்டி கட்டும் பணத்திலும் ஒரு துளி அதில் இருக்கிறது. அந்தப் பணம் டீச்சரின் மலைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

மலைப்பள்ளி – ஞாயிறு, மாலை 4.30

இழையொட்டி ஐயா, பார்த்துவிட்டேன். டவரில் முரசு போன்ற தட்டு இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு.

இன்னொரு செய்தி. எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு அரசின் ஃபைபர் வந்துவிட்டது. மின்கம்பங்களின் மேலாகவே வந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒரு பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. எழுத்தர் அங்கிருந்து இணையம் பயன்படுத்துகிறார், வேகமாகவே இருக்கிறது. அதே ஊரில்தான் டவரும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க முடியாதா?

இழையொட்டி – ஞாயிறு, மாலை 5.10

டீச்சர், நான் இரண்டு நாளாகச் சொல்ல முயன்றதை நீங்கள் ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். முடியும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் ஊராட்சிகள். அவற்றுக்குப் போகும் கேபிளில் பல இழைகள் வெளிச்சம் போகாமல் சும்மா இருக்கும். அதை டவர் நிறுவனம் வாடகைக்கு எடுக்கலாம். புதிதாக மலை ஏறிக் குழி தோண்ட வேண்டாம், காட்டிலாகாவிடம் அனுமதிக்கு நிற்க வேண்டாம். ஊருக்குள் இருக்கும் கடைசித் துண்டை மட்டும் இழுத்தால் போதும்.

எழுத்தர் அனுமதித்தால் ஒன்று செய்யுங்கள். பெட்டியில் கை வைக்க வேண்டாம், இழைகளின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகவும் வேண்டாம். பக்கத்தில் சிறு தட்டு ஒன்று இருக்கும். அதில் எத்தனை வண்ண இழைகள் செருகியிருக்கின்றன, எத்தனை சும்மா சுருட்டி வைத்திருக்கின்றன என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். அங்கிருந்து டவர் எவ்வளவு தொலைவு என்பதையும் சொல்லுங்கள்.

அலைவரிசை – ஞாயிறு, இரவு 9.00

அந்த எண்ணிக்கை கிடைத்தால் எனக்கும் வேண்டும். 2025 ஜனவரி முதல் கேபிள் பதிக்கும் வழித்தட உரிமைக்கு நாடு முழுவதற்கும் புதிய விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. மனு போட்டால் பதில் சொல்லக் காலக்கெடு உண்டு. ஊருக்குள் கொஞ்சத் தொலைவுதான் என்றால் தடுப்பதற்குக் காரணமே இருக்காது. ஈரோட்டுப் பக்கம் திட்டமிடுகிறவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு, அனுப்பி வைக்கிறேன்.

மலைப்பள்ளி – திங்கள், பிற்பகல் 3.50

எண்ணிவிட்டேன். நீலமும் ஆரஞ்சும் செருகியிருக்கின்றன. மற்ற 22 இழைகள் சுருட்டி ஒட்டுநாடா போட்டு வைத்திருக்கின்றன. பள்ளி விட்டதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு டவர் வரை நடந்து பார்த்தேன். பிள்ளைகள் எண்ணியதில் 1,140 அடிவைப்பு.

இழையொட்டி – திங்கள், மாலை 6.25

ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. எங்கள் ஆட்களுக்கு இரண்டு மூன்று நாள் வேலை. நடுவில் ஓடை, பாறை ஏதாவது உண்டா?

மலைப்பள்ளி – திங்கள், இரவு 7.40

பாறை இல்லை. ஓர் ஓடை உண்டு, அதன்மேல் சிறு பாலம். பாலத்தின் பக்கச் சுவரில் பழைய தொலைபேசிக் கேபிள் போன இரும்புக் குழாய் இன்னும் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, பிள்ளைகள் ஒரு முனையில் வாய் வைத்துப் பேச, மறுமுனையில் நன்றாகக் கேட்டது.

இழையொட்டி – திங்கள், இரவு 7.52

அப்படியானால் குழாய் அடைபடவில்லை. படம் எடுத்து அனுப்புங்கள் டீச்சர், விட்டம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.